சிறுமிகள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கிறோமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவள், இப்போது எதைக் கேட்டாலும் 'தெரியலை' என்கிறாள். ஏன்?

பதில்: பல நேரம் அவளுக்குத் தெரியும். சொன்னால் யார் முகம் கோணும், எது சண்டையில் முடியும் என்பதும் இந்த வயதில் தெரிய ஆரம்பித்துவிடுகிறது. அதனால் பேச்சை விழுங்கிக்கொள்கிறாள். பல ஆண்டுகள் சிறுமிகளிடம் பேசிப் பார்த்த கரோல் கில்லிகன், லின் மைக்கேல் பிரவுன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இந்த மாற்றத்தை 1992-இல் விரிவாகவே எழுதினார்கள்.

முதலில் கேள்வியை மாற்றுங்கள். "ஸ்கூல் எப்படி இருந்துச்சு?" என்றால் "நல்லா இருந்துச்சு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "இன்னைக்கு உன் பக்கத்துல யார் உட்கார்ந்தா?" என்று சின்னதாகத் தொடங்குங்கள். பிறகு "அப்புறம்?" போதும். எதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்துக் கேட்டால் விசாரணை போல ஆகிவிடும். துணி மடிக்கும்போதோ நடந்து போகும்போதோ பக்கவாட்டில் இருந்து பேசினால் வாய் எளிதில் திறக்கும்.

அடுத்தது, காத்திருங்கள். வகுப்பறைகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள் என்று கண்டார். அதை 3 விநாடியாக நீட்டியதும் பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். வீட்டிலும் மனதுக்குள் ஐந்துவரை எண்ணுங்கள். அந்த மௌனம் உங்களுக்குத்தான் சங்கடம், அவள் யோசித்துக்கொண்டிருப்பாள். கேட்டதையே திரும்பக் கேட்காதீர்கள். முதலில் சொன்னது தப்பு போலிருக்கிறது என்று எண்ணிப் பதிலை மாற்றிவிடுவாள்.

அவள் பிரச்சினையைச் சொல்லும்போது பாதியில் தீர்வு சொல்வதுதான் நாம் அதிகம் செய்யும் தவறு. "நான் கேட்டுக்கிட்டா போதுமா, ஏதாவது செய்யணுமா?" என்று அவளையே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: சின்னப் பெண்ணிடம் பெரியவர்கள் கற்றுக்கொள்ள அப்படி என்ன இருக்கிறது?

பதில்: 2004 டிசம்பர் 26 அன்று, தாய்லாந்தின் புக்கெட் தீவில் மைகாவோ கடற்கரை. விடுமுறைக்கு வந்திருந்த 10 வயது பிரிட்டிஷ் சிறுமி டில்லி ஸ்மித், கடல் நுரைத்துக்கொண்டு வருவதையும், வந்த நீர் திரும்பிப் போகாததையும் கவனித்தாள். இரண்டு வாரம் முன்புதான் புவியியல் வகுப்பில் சுனாமி பற்றிப் படித்திருந்தாள். பெற்றோர் உடனே நம்பவில்லை. அவள் விடவில்லை. கடைசியில் அப்பா ஓட்டல் காவலாளியிடம் சொல்ல, கடற்கரையில் இருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள், உயிர்கள் பிழைத்தன.

'சுனாமி வருது' என்பது அவள் எடுத்த முடிவு. 'நீர் திரும்பிப் போகலை' என்பது அவள் பார்த்தது. நாம் முடிவைக் கேட்டுச் சிரித்துவிட்டு, பார்த்ததையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறோம். "எதைப் பார்த்து அப்படிச் சொல்றே?" என்று ஒரு வார்த்தை கேட்டால் இரண்டும் பிரிந்துவிடும். முடிவு தப்பாக இருந்தாலும் பார்த்தது பெரும்பாலும் சரியாக இருக்கும்.

வீட்டுக்குள்ளும் இதேதான். "அண்ணன் சாப்பிட்ட தட்டை நான் ஏன் எடுக்கணும்?" என்று கேட்பவள் வேலைக்குச் சோம்பவில்லை, நாம் பார்த்துப் பார்த்துப் பழகிப்போன பாகுபாட்டைச் சுட்டிக்காட்டுகிறாள். 'அது அப்படித்தான்' என்பதைத் தவிர வேறு காரணம் வாயில் வரவில்லையா? அந்த வழக்கத்தை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: கேட்பது என்றால் அவள் சொல்கிறபடியெல்லாம் ஆடுவதா?

பதில்: இல்லை. 1989-இன் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு, குழந்தையைப் பாதிக்கும் விஷயங்களில் அதன் கருத்துக்கு வயது, முதிர்ச்சிக்கு ஏற்ற மதிப்புத் தரச் சொல்கிறது. முடிவை அதனிடம் ஒப்படைக்கச் சொல்லவில்லை. மறுத்தால் காரணத்தையும் சொல்லுங்கள்.

கேள்வி: உறவினர் ஒருவர் வந்தாலே எட்டு வயது மகள் ஒதுங்குகிறாள். "அவர் பக்கத்துல உட்கார மாட்டேன்" என்கிறாள்.

பதில்: கட்டாயப்படுத்தவே கூடாது. 'அவர் அப்படிப்பட்டவர் இல்லை' என்று சொன்னால் அவள் இனி வாயே திறக்கமாட்டாள். அவரோடு தனியே விடாதீர்கள். "என்ன ஆச்சுன்னு சொல்லு" என்று மட்டும் கேளுங்கள், 'தொட்டாரா?' என்று நீங்களாக எடுத்துக்கொடுக்காதீர்கள். 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று சத்தியம் செய்யாதீர்கள், காக்க முடியாமல் போகலாம். அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே தேதியோடு எழுதிவைத்து, தீங்கு நடந்ததாகத் தெரிந்தால் துருவித் துருவிக் கேட்காமல் உடனே குழந்தைப் பாதுகாப்பு அதிகாரிகளிடமோ காவல் துறையிடமோ போங்கள். அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை அவளிடமும் சொல்லிவிடுங்கள்.