உருக்காலை ஊர் வென்ற உலகப் பட்டம்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கனடாவில் சின்னஞ்சிறு ஊர்களின் அமெச்சூர் ஐஸ் ஹாக்கி அணிகள் உலக சாம்பியன் ஆனதாகச் சொல்கிறார்களே, ஓர் ஊரின் அணி எப்படி நாட்டுக்காக ஆட முடியும்?
— ஒரு வாசகர், கோவில்பட்டி

ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அதுதான் நடைமுறையாக இருந்தது. 1920 முதல் 1963 வரை கனடாவுக்கென்று நிரந்தரத் தேசிய அணி கிடையாது. ஹாக்கியின் புகழ்பெற்ற ஸ்டான்லி கோப்பை முதலில் சம்பளமின்றி ஆடும் அமெச்சூர்களுக்காக வைக்கப்பட்டதுதான். சம்பளத்துக்கு ஆடுபவர்கள் அதைக் கைப்பற்றத் தொடங்கியதும், அமெச்சூர்களுக்கென்று 1908-இல் சர் மாண்டேகு ஆலன் ஒரு கோப்பையைக் கொடுத்தார். அதுதான் ஆலன் கோப்பை. ஊர் அணிகள் முதலில் மாகாணத்துக்குள் மோதும். பிறகு மேற்கில் ஒரு சாம்பியன், கிழக்கில் ஒரு சாம்பியன் தேறுவார்கள். கடைசியில் அந்த இருவருக்கும் இடையே ஐந்து அல்லது ஏழு ஆட்டத் தொடர். இதில் ஜெயித்த அணியை, பெரும்பாலும் அடுத்த குளிர்காலத்தில், கனடாவின் பெயரில் ஒலிம்பிக்குக்கோ உலக சாம்பியன் போட்டிக்கோ அனுப்புவார்கள்.

ஜெயித்த அணியால் போக முடியாமல் போவதும் உண்டு. வீரர்கள் எல்லாரும் பகலில் வேலைக்குப் போகிறவர்கள். ஐரோப்பியச் சுற்றுப்பயணம் என்றால் வாரக்கணக்கில் லீவு வேண்டும், செலவுக்குப் பணமும் வேண்டும். 1960-இல் ஆலன் கோப்பையை வென்றது ஒன்டாரியோவின் சாதம் ஊர் அணி. ஆனால் 1961-இல் ஜெனீவாவுக்குப் போனது இறுதித் தொடரில் அதனிடம் தோற்ற டிரெயில் ஸ்மோக் ஈட்டர்ஸ். பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளுக்குள் சுமார் 11,500 பேர் வாழ்ந்த ஊர் டிரெயில். அந்த ஊர் அணி ஏழு ஆட்டங்களில் ஆறை வென்று, செக்கோஸ்லோவாக்கியாவுடன் 1–1 என்று டிரா செய்தது. கடைசி ஆட்டத்தில் சோவியத் யூனியனை 5–1 என வீழ்த்தியது. செக் அணியும் அதே புள்ளிகளில்தான் இருந்தது. கோல் வித்தியாசம் டிரெயிலுக்குப் பட்டத்தைத் தந்தது. 1939-லும் இதே ஊர் உலகப் பட்டம் வென்றிருக்கிறது.

கேள்வி: டொரன்டோ, மாண்ட்ரியல் போன்ற பெருநகரங்கள் இருக்கும்போது சின்ன ஊர்கள் எப்படி ஜெயித்தன? குளிர்தான் காரணமா?
— ஒரு வாசகி, திருச்சி

குளிர் எல்லா ஊருக்கும் பொது. உண்மையான காரணம் வேலை. இதை அழுத்தியே சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்த வெற்றிகளை மண்ணின் வீரம் என்று பாராட்டிவிட்டு மேலே போய்விடுகிறவர்கள்தான் அதிகம்.

1942 முதல் 1967 வரை என்.எச்.எல். எனும் தொழில்முறை லீக்கில் ஆறே அணிகள். ஓர் அணிக்கு இருபது பேர் என்று வைத்தாலும் மொத்தம் நூற்று இருபது இடம். அதற்கு அடுத்த நிலையில் இருந்த நல்ல ஆட்டக்காரர்கள் என்ன செய்வார்கள்? சிறு தொழில்முறை லீக்குகளில் பேருந்தில் ஊர் ஊராக அலையலாம். அல்லது ஒரு சுரங்க ஊரில் நிரந்தர வேலையில் சேர்ந்து, மாலையில் அந்த ஊர் சீனியர் (வயதுவந்தோர்) அணிக்கு ஆடலாம். மனைவி, பிள்ளை, வீடு என்று வந்துவிட்டால் இரண்டாவதுதான் புத்திசாலித்தனம்.

டிரெயிலில் ஈயமும் துத்தநாகமும் உருக்கும் பெரிய ஆலை இருந்தது. கம்பெனியின் பெயர் கொமின்கோ. வீரர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்கள். அதே மலைப்பகுதியில் உள்ள கிம்பர்லியின் சல்லிவன் சுரங்கமும் அந்தக் கம்பெனியுடையதுதான். அங்கே தோண்டிய தாது ரயிலேறி டிரெயிலுக்கு வந்து உருகியது. இப்போது வரிசையைப் பாருங்கள்: கிம்பர்லி டைனமைட்டர்ஸ் 1936-இல் ஆலன் கோப்பை, 1937-இல் லண்டனில் உலகப் பட்டம். டிரெயில் 1938-இல் ஆலன் கோப்பை, 1939-இல் ஸ்விட்சர்லாந்தில் உலகப் பட்டம். பொருளாதார மந்தம் ஓயாத அந்த ஆண்டுகளில், ஆள் எடுக்கும் ஆலை உள்ள ஊர் நாட்டின் எந்த மூலையிலிருந்தும் ஆட்டக்காரரை இழுக்க முடிந்தது. மானிடோபாவின் செம்புச் சுரங்க ஊர் ஃப்ளின் ஃப்ளான் 1957-இல் ஜூனியர்களுக்கான மெமோரியல் கோப்பையை வென்றது. ஆல்பர்ட்டாவின் நிலக்கரி ஊர் டிரம்ஹெல்லர் 1966-இல் ஆலன் கோப்பையை எடுத்தது. அந்த அணியின் பெயரே மைனர்ஸ், அதாவது சுரங்கத் தொழிலாளர்கள்.

இன்னொரு காரணத்தையும் சேர்க்க வேண்டும். ஐஸ் ஹாக்கியில் ஒரு நேரத்தில் களத்தில் ஆறு பேர்தான். பதினைந்து பதினாறு பேர் இருந்தால் முழு அணி. பத்தாயிரம் பேர் உள்ள ஊரில் அத்தனை பேரைத் திரட்ட முடியும். மாலையில் வேறு பொழுதுபோக்கு இல்லாததால் டிக்கெட்டும் விற்கும்.

இந்த ஏற்பாடு எப்படிக் கலைந்தது என்பதும் அதே கணக்குதான். 1952-இல் தொலைக்காட்சியில் ஹாக்கி வரத் தொடங்கியதும் சனிக்கிழமை இரவு அரங்கத்துக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். 1967-இல் என்.எச்.எல். ஒரே மூச்சில் பன்னிரண்டு அணிகளானது. 1961 பட்டத்துக்குக் காவலாக நின்ற டிரெயில் கோல்கீப்பர் சேத் மார்ட்டினுக்கே அந்த ஆண்டு செயின்ட் லூயிஸ் அணியில் இடம் கிடைத்தது. ஒரே பருவம் ஆடிவிட்டு, தீயணைப்பு வேலையைக் காப்பாற்றிக்கொள்ள ஊர் திரும்பினார். மற்றவர்கள் அப்படித் திரும்பவில்லை.

கேள்வி: 1955-இல் பென்டிக்டன் அணி ரஷ்யாவைத் தோற்கடித்ததை இன்றும் ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?
— ஒரு வாசகர், மிசிசாகா

அதற்கு முந்தைய ஆண்டு நடந்ததுதான் காரணம். 1954-இல் ஸ்டாக்ஹோமுக்குக் கனடா அனுப்பியது ஈஸ்ட் யார்க் லிண்ட்ஹர்ஸ்ட்ஸ் என்ற இரண்டாம் நிலை அணி. முதன்முதலாகப் போட்டிக்கு வந்த சோவியத் யூனியன் அதை 7–2 என்று நொறுக்கியது. நாடே கொதித்தது. அடுத்து ஆலன் கோப்பை சாம்பியனான பென்டிக்டன் வீஸ் அணியை அனுப்பினார்கள். பென்டிக்டன் ஒகநாகன் பள்ளத்தாக்கின் பழத்தோட்ட ஊர். வேலியன்ட், வெட்டரன், வெடெட் என்ற மூன்று பீச் ரகங்களின் முதலெழுத்துதான் அணியின் பெயர். மேற்கு ஜெர்மனியில் எட்டு ஆட்டங்களையும் வென்றார்கள். போட்டது 66 கோல், வாங்கியது 6. கிரேஃபெல்டில் நடந்த கடைசி ஆட்டத்தில் சோவியத்தை 5–0 என வீழ்த்தினார்கள்.

அவர்களை முழு அமெச்சூர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். வார்விக் சகோதரர்கள் மூவரில் ஆடிக்கொண்டே பயிற்சியும் கொடுத்த கிரான்ட், 1942-இல் என்.எச்.எல்.லின் சிறந்த புதுமுக வீரர் விருது பெற்றவர். தொழில்முறை ஆட்டத்தை விட்டவர்கள் விண்ணப்பித்து மீண்டும் அமெச்சூர் தகுதி பெற அன்றைய விதி இடம் தந்தது. வலுவான சீனியர் அணிகள் பலவற்றில் இப்படி இரண்டு மூன்று பேர் இருந்தார்கள்.

ஐரோப்பாவில் கனடியர்கள் தடுமாறிய இடங்களும் உண்டு. கனடாவில் களம் 200 அடிக்கு 85 அடி. ஐரோப்பியத் தளங்களின் அகலம் நூறு அடியை நெருங்கும். கூடுதல் பதினைந்து அடியில் எதிரணி சுற்றிச் சுற்றி, பக் எனும் ரப்பர் வட்டைக் கைமாற்றும். ஓரம் கட்டி மோதப் போனவர் நடுவில் வழிவிட்டு நிற்பார். உடலால் மோதும் விதியும் வேறு. எதிரணியின் பகுதியில் போய் மோதுவதற்கு உலகப் போட்டிகளில் 1969 வரை தடை இருந்தது. ஊரில் கைதட்டல் வாங்கிய அதே மோதலுக்கு அங்கே இரண்டு நிமிடம் வெளியே உட்கார வேண்டும்.

கேள்வி: ஸ்டான்லி கோப்பையை வென்ற மிகச் சிறிய ஊர் எது? அந்தக் காலத்தில் ஐஸ் எப்படிப் போட்டார்கள்?
— ஒரு மாணவர், யாழ்ப்பாணம்

கெனோரா, ஒன்டாரியோ. 1907 ஜனவரியில் மாண்ட்ரியல் வாண்டரர்ஸ் அணியை அதன் ஊரிலேயே 4–2, 8–6 என்று வென்றார்கள். இரவல் வீரராக ஆர்ட் ராஸைச் சேர்த்துக்கொண்டார்கள். அப்போது அமெச்சூரும் சம்பளக்காரரும் கலந்து ஆடத் தொடங்கிவிட்ட நேரம். மார்ச்சில் அதே வாண்டரர்ஸிடம் கோப்பையை இழந்தார்கள்.

அன்றைய ஐஸ் இயற்கையானது. மூடிய கொட்டகைக்குள் தண்ணீரை மெல்லிய அடுக்குகளாக விட்டு, கதவு ஜன்னல்களைத் திறந்து வெளிக்குளிரில் உறைய வைப்பார்கள். மொத்தமாக விட்டால் மேலே தோல் கட்டிக் கீழே தண்ணீர் நிற்கும். சறுக்குக் கத்தி பட்டதும் ஓடாக உடையும். மார்ச்சில் வெயில் ஏறினால் தளம் சொதசொதவென்றாகி, பக் நகராது. கோப்பைத் தொடர்கள் பெரும்பாலும் மார்ச்சில் விழுந்ததால், குளிர் நீளும் உள்நாட்டு ஊர்களுக்குக் கூடுதல் பயிற்சி நாட்கள் கிடைத்தன. மிதமான குளிருள்ள பசிபிக் கரைக்கு அது கிடைக்கவில்லை. 1911 கிறிஸ்துமஸ் நாளில் விக்டோரியாவில் பாட்ரிக் சகோதரர்கள் கனடாவின் முதல் செயற்கை ஐஸ் அரங்கத்தைத் திறந்த பிறகுதான் அந்தப் பக்கம் ஆட்டம் வேரூன்றியது.

செயற்கைத் தளத்தில் கான்கிரீட்டுக்குள் குழாய்கள் ஓடும். அம்மோனியாவால் குளிரூட்டிய உப்புநீர் அதற்குள் சுற்றும். மேலே ஒன்று முதல் ஒன்றரை அங்குல ஐஸ் போதும். முதல் சில அடுக்குகளுக்குப் பிறகு வெள்ளைச் சாயமும் கோடுகளும் போட்டு, மேலே மறுபடி அடுக்குகள். ஆட்ட இடைவேளையில் ஊற்றுவது வெந்நீர். கீறலின் மேல்பகுதியை அது கொஞ்சம் கரைத்து ஒன்றாக ஒட்டும். வெந்நீரில் கரைந்த காற்றும் குறைவு என்பதால் ஐஸ் தெளிவாகவும் உறுதியாகவும் உறையும்.

கேள்வி: பெண்கள் அணிகள் உண்டா?
— ஒரு வாசகி, மதுரை

உண்டு. ஒன்டாரியோவின் பிரெஸ்டன் ரிவ்யூலெட்ஸ் 1931 முதல் சுமார் பத்து ஆண்டுகள் கனடாவில் அசைக்க முடியாத அணி. மென்பந்து ஆடிய பெண்கள் குளிர்காலத்துக்காகச் சேர்த்தது. 350 ஆட்டங்களில் இரண்டே தோல்வி என்று எழுதுவார்கள். பழைய செய்தித்தாள்களை எண்ணிப் பார்த்த ஆய்வாளர்களுக்குக் கிடைத்தது அதைவிட மிகக் குறைவான ஆட்டங்கள். எண்ணிக்கை குறைந்தாலும் அவர்களின் ஆதிக்கம் குறையவில்லை.

கேள்வி: இப்போதும் சின்ன ஊர்கள் கோப்பை வெல்கின்றனவா?
— ஒரு வாசகர், கோவை

வெல்கின்றன, பெரிய கவனமில்லாமல். கெனோரா இருக்கும் அதே ஏரியின் அமெரிக்கக் கரையில், இரண்டாயிரம் பேர்கூட இல்லாத வாரோடு என்ற ஊர் உள்ளது. வாரோடு லேக்கர்ஸ் 1994, 1995, 1996 என்று தொடர்ந்து மூன்று முறை ஆலன் கோப்பையை எடுத்தது. அணியை வளர்த்த கால் மார்வின், ஊரின் பெரிய ஜன்னல் தொழிற்சாலையை நடத்தும் குடும்பத்தைச் சேர்ந்தவர். டிரெயிலின் சூத்திரம் இங்கும் அப்படியே. ஆல்பர்ட்டாவில் ஆயிரம் பேர் வாழும் பென்ட்லி 2009, 2013 இரண்டிலும் வென்றது. பிறகு அந்த அணி பக்கத்து லகோம்புக்கு இடம்பெயர்ந்து 2019-இல் அந்தப் பெயரில் வென்றது.

இன்று இந்த ஊர்களின் பெரும் கவலை வீரர்களைவிட அரங்கமே. 2017 அக்டோபர் 17 அன்று பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஃபெர்னி அரங்கத்தில் அம்மோனியா கசிந்து மூன்று பணியாளர்கள் இறந்தார்கள். கசிவு என்று முன்பே தெரிந்திருந்த பழைய குளிர்விப்பானை மீண்டும் ஓட்டியதில், அம்மோனியா உப்புநீர்க் குழாய்க்குள் புகுந்து, அழுத்தம் தாங்காமல் ஓர் இணைப்பு பிரிந்தது. ஆயுள் முடிந்த கருவியை மாற்றுவதை எந்த நகராட்சியும் அடுத்த பட்ஜெட்டுக்குத் தள்ளக் கூடாது.

கேள்வி: நாங்கள் குடியேறிய ஊரின் அரங்கத்தில் ஒரு பழைய சாம்பியன் அணியின் படம் மாட்டியிருக்கிறது. ஊர் நூலகத்துக்காக அதன் வரலாற்றை எழுத விரும்புகிறேன். எங்கே தொடங்குவது?
— ஒரு வாசகி, ஒன்டாரியோ

முதலில் பிரிவைக் கண்டுபிடியுங்கள். சீனியர், இன்டர்மீடியட், ஜூனியர், ஜுவெனைல் என்று ஒரே ஊருக்கு ஒரே பெயரில் நான்கு அணிகள் இருந்திருக்கலாம். இன்றைய டிரெயில் ஸ்மோக் ஈட்டர்ஸ் ஒரு ஜூனியர் அணி. 1961 அணியோடு சேர்த்து எழுதினால் தவறாகிவிடும். அடுத்து ஆண்டு. பருவம் அக்டோபரில் தொடங்கி ஏப்ரலில் முடியும். 1937–38 பருவத்தின் கோப்பை 1938-இல், அதற்கான உலகப் பட்டம் 1939 பிப்ரவரியில். மூன்று ஆண்டுகளும் ஒரே அணியின் பெயரில் புத்தகங்களில் வருவது இதனால்தான்.

படமே சில தேதிகளைச் சொல்லும். கோல்கீப்பர் கிரிக்கெட் பேட் கட்டியிருந்தால் பெரும்பாலும் 1920-களுக்கு முந்தையது. முகக்கவசம் இருந்தால் 1959-க்குப் பிந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். பெயர்ப்பட்டியலில் ரோவர் என்ற ஏழாவது இடம் இருந்தால் இன்னும் பழையது.

பிறகு ஊர் செய்தித்தாளின் மார்ச், ஏப்ரல் மைக்ரோஃபிலிமைப் பாருங்கள். அதோடு நிறுத்தாமல் தோற்ற ஊரின் செய்தித்தாளையும் பாருங்கள். சொந்த ஊர்ச் செய்தி தோல்விகளைச் சின்னதாக்கும். ஆண்டுதோறும் அச்சான நகர முகவரிக் கையேட்டில் ஒவ்வொரு வீரரின் பெயருக்கு எதிரே தொழிலும் வேலை பார்த்த இடமும் இருக்கும். பதினைந்து பேரையும் அதில் தேடி எழுதினால் அணியை உண்மையில் தாங்கியது யார் என்று தெரிந்துவிடும். பல வரலாறுகளில் விடுபட்டுப்போவது இந்தப் பகுதிதான்.

ஊர்ப் பெயர் மாறியிருக்கிறதா என்றும் கவனியுங்கள். ராட் போர்டேஜ் 1905-இல் கெனோரா ஆனது. போர்ட் ஆர்தரும் ஃபோர்ட் வில்லியமும் 1970-இல் தண்டர் பே ஆயின. கால்ட், பிரெஸ்டன் இரண்டும் 1973 முதல் கேம்பிரிட்ஜ் நகருக்குள். பழைய பெயரிலும் தேடாவிட்டால் நூலக அட்டவணையில் உங்கள் அணி கண்ணில் படாது.