வாசகர் கேள்விகள்: முல்லைத்தீவுக் கரையில் இரண்டு நாள்

கேள்வி: பள்ளிக்கூட விடுமுறைக்குப் பிள்ளைகளோடு இரண்டு நாள் முல்லைத்தீவில் தங்கப் போகிறோம். ஏப்ரலா, ஓகஸ்டா, டிசம்பரா நல்லது? எங்கே நடக்கலாம், எதைப் பார்க்கலாம்?
– வாசகி, வவுனியா

பதில்: டிசம்பரை விட்டுவிடுங்கள். வாடைக்காற்றும் மழையும் சேர்ந்து கடல் கரையை அறையும் காலம் அது. ஏப்ரலில் கடல் பொதுவாக அமைதியாக இருக்கும், நமது தெரிவும் அதுதான். ஓகஸ்டில் சோளகம் (தென்மேற்குக் காற்று) தரையிலிருந்து கடலை நோக்கி அடிப்பதால் கரையோரம் குளம்போலத் தெரியும், ஆனால் வெயில் கடுமை.

மாங்குளம் சந்தியில் வலப்பக்கம் திரும்பி, ஒட்டுசுட்டான், முள்ளியவளை வழியாக வாருங்கள். ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரரை வரும் வழியிலேயே தரிசிக்கலாம். மத்தியானத்தில் கோயில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் வேளைக்கே புறப்படுங்கள்.

நடைக்கு உரிய நேரம் விடியற்காலை. 5.45 அளவில் நகரக் கடற்கரையில் இறங்கி, தெற்கே சிலாவத்தைப் பக்கம் நடந்தால் இடக்கைப் பக்கம் சூரியன் எழும். அலை நனைத்த இறுகிய மணலிலேயே நடவுங்கள். காய்ந்த மணலில் கால் புதைந்து கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் போனதும் திரும்பிவிடுங்கள். 8 மணிக்குப் பிறகு வெயில் ஏறிவிடும், கரையில் நிழலும் குறைவு. ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீரும், நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனி உப்புத்தூள் பைக்கற் ஒன்றும் கையில் இருக்கட்டும். ஒரு பைக்கற்றுக்கு ஒரு லீற்றர் தண்ணீர். குறைத்துக் கரைத்தால் உப்புக் கூடி, சிறுபிள்ளைகளுக்குக் கெடுதல்.

வற்றாப்பளை கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீர் எடுக்கும் தீர்த்தக்கரை சிலாவத்தையில்தான் உள்ளது. அந்த நீரில் விளக்கெரிப்பது இங்குள்ள வழக்கம். கரையைக் கண்ட பிள்ளைகளை அன்று பின்னேரம் கோயிலுக்கும் கூட்டிப் போங்கள். பொழுதுபடும் நேரத்தில் வட்டுவாகலுக்கு வந்தால், சூரியன் நந்திக்கடல் களப்புக்கு (கடலோர உவர்நீர் ஏரிக்கு) அப்பால் இறங்குவதைப் பார்க்கலாம். ஒடுங்கிய பாலத்தில் வாகனத்தை நிறுத்தாமல் கரையில் நின்று பாருங்கள்.

கரைவலை இழுப்பதைக் கண்டால் கயிற்றைக் கடக்காதீர்கள். திடீரென்று விறைத்து மேலெழும்பினால் காலைத் தட்டி விழுத்திவிடும்.

கேள்வி: கடல் அமைதியாக இருந்தால் பிள்ளைகளைக் குளிக்க விடலாமா?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: முழங்கால் அளவு நீரில், பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் நின்றால் விடலாம். காற்றடைத்த வளையமும் பந்தும் வேண்டவே வேண்டாம். சோளகம் அவற்றைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டே போகும். எட்டிப் பிடிக்கப் போகும் பிள்ளை ஆழத்துக்குள் போய்விடும்.

அலை வெள்ளையாக உடையும் இரு இடங்களுக்கு நடுவே உடையாமல், கலங்கி அல்லது கருமையாகத் தெரியும் பட்டையில் இறங்காதீர்கள். கரையேறிய நீர் அந்த வழியாகத்தான் திரும்பி ஓடுகிறது. இழுபட்டால் கரையை நோக்கி நீந்திக் களைக்காமல் மிதந்தபடி கையை உயர்த்துங்கள். முடிந்தால் கரைக்குச் சமாந்தரமாக நீந்தி, அந்த ஓட்டத்தை விட்டு வெளியேறுங்கள். களப்பு கடலோடு சேரும் வாய்களில், மழைக்குப் பிறகு எவரும் இறங்கக்கூடாது.

கேள்வி: கொக்கிளாயில் பறவைகள் எப்போது வரும்?
– மாணவி, முள்ளியவளை

பதில்: வலசைப் பறவைகளைக் காண ஒக்ரோபரிலிருந்து மார்ச் வரை போகலாம். 1951 இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட களப்பு அது. மாசிப் பிற்பகுதியில் மழை ஓய்ந்திருக்கும், பறவைகளும் இருக்கும். காலையில் சூரியனை முதுகுப்புறம் வைத்து நின்றால்தான் நிறம் தெரியும். புறப்படுமுன் நாயாற்றுப் பாலத்தால் போகலாமா என்று முல்லைத்தீவு பஸ் நிலையத்தில் விசாரியுங்கள்.

கேள்வி: முள்ளிவாய்க்கால் கரைக்கும் போகலாமா?
– வாசகர், மன்னார்

பதில்: போகலாம், போகவும் வேண்டும். ஆனால் அது 2009 இல் எங்கள் சனம் உறவுகளை இழந்த மண். அங்கே குளியலும் பாட்டும் வேண்டாம். எல்லோரும் பாவிக்கும் பாதையை விட்டுப் பற்றைக்குள் இறங்காதீர்கள். சிவப்பு மிதிவெடிப் பலகை கண்டால், வந்த வழியாலேயே திரும்புங்கள். மணலில் தெரியும் இரும்பு எதையும் தொடாமல், இடத்தை நினைவில் வைத்துப் பொலிசுக்கு அறிவியுங்கள்.