கேட் ரிமோட்டைப் பிரித்துப் பார்த்தவனை மருத்துவத்துக்குத் தள்ளாதீர்கள்

தங்கச்சி, சனிக்கிழமை நீங்களும் வீட்டுக்காரரும் டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து பையனைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே பேசினீர்கள். அதனால் "எல்லாம் சரியாகும், பயப்படாதீர்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அப்படிச் சொல்லி அனுப்பியது தப்பு. அவனை டாக்டருக்குப் படிக்க வைக்க வீட்டை பாண்டில், அதாவது வங்கி அடமானத்தில், வைக்கப் போகிறீர்கள் என்று தெரிந்த பிறகு நான் ஆறுதல் மட்டும் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது.

ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் உங்கள் அண்ணன் நல்லவர்தான். தன் மகள் டாக்டர் ஆனதுபோல் தங்கை மகனும் ஆகட்டும் என்று நினைக்கிறார். இங்கே இடம் கிடைக்காவிட்டால் வெளிநாட்டுக்கு அனுப்பு, பணத்துக்கு வீடு இருக்கிறதே என்கிறார். அந்த வீட்டைக் கட்டி முடிக்க உங்கள் இருவருக்கும் எத்தனை வருடம் ஆனது? கிரேட் 8 படிக்கும் சின்னவளுக்கு அப்புறம் என்ன மிச்சம் இருக்கும்? வெளிநாட்டுப் பட்டத்தோடு திரும்பி வருகிறவர் இங்கே பதிவு பெறத் தனியாகப் பரீட்சை எழுத வேண்டும். பிறகு 2 வருடம் பயிற்சி, 1 வருடம் சமூகச் சேவை. அத்தனையும் முடித்துவிட்டு அரசு வேலைக்காகக் காத்திருந்த இளம் டாக்டர்களைப் பற்றி நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அந்தப் படிப்பில் உயிரே வைத்திருக்கும் பிள்ளை இத்தனையையும் தாங்கும். உங்கள் மகன் அப்படிப்பட்டவன் இல்லை. வீட்டை பாண்டில் வைக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

கணக்காளர், வக்கீல், ஐ.டி. பற்றியெல்லாம் நான் பேசப் போவதில்லை. அதைச் சொல்ல உங்கள் சொந்தக்காரர்கள் போதும். நான் சொல்ல வந்தது அவன் சட்டைப்பையில் இருந்த பொருளைப் பற்றி.

நாம் மூன்று பேரும் பேசிக்கொண்டிருந்த ஒரு மணி நேரமும் அவன் வாயே திறக்கவில்லை. பையில் என்னடா என்று கேட்டேன், உங்கள் வீட்டு கேட் ரிமோட்டை எடுத்து மேசையில் வைத்தான். கீழே விழுந்து மூடி உடைந்ததாம். பள்ளியில் இ.ஜி.டி. என்ற பொறியியல் வரைபடப் பாடத்தில் கற்றதை வைத்துப் புது மூடி ஒன்றைக் கம்ப்யூட்டரில் வரைந்து, யாரிடமோ முப்பரிமாண அச்சில் எடுத்திருக்கிறான். பட்டன் இருக்கும் பக்கம் சரியாக உட்கார்ந்தது. பேட்டரி பக்கம் அரை மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நின்றது. "பேட்டரி கனத்தை அளந்தேன், அதைத் தொடும் தகடு மேலே எழும்பி நிற்பதைக் கணக்கில் எடுக்கவில்லை, அங்கிள்" என்றான். உங்கள் பக்கம் திரும்பாமலே சொன்னான். தன் தப்பைத் தானே கண்டுபிடித்து, காரணத்தோடு சொல்லத் தெரிந்த பையன் அவன்.

கையில் பிடிக்கும் மின்னணுச் சாதனத்தை வடிவமைக்கிறவர்கள் செய்வதும் இதே வேலைதான். வெளித்தோற்றத்தை முதலில் வரைகிறவன் மாட்டிக்கொள்வான். முதலில் உள்ளே இருப்பவை வர வேண்டும்: சர்க்யூட் போர்டு, அதில் எழும்பி நிற்கும் பாகங்கள், பட்டன்கள், பேட்டரி. சி.ஆர்.2032 என்ற காசு பேட்டரியின் பெயரிலேயே அளவு இருக்கிறது, விட்டம் 20 மி.மீ., கனம் 3.2 மி.மீ. இவற்றைத் திரையில் அதனதன் இடத்தில் வைத்து, சுற்றிலும் இடைவெளி விட்ட பிறகுதான் மேலோடு. மேலோட்டின் சுவர் பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டரை மி.மீ. கனம், எங்கும் ஒரே சீராக இருக்க வேண்டும். பலத்துக்காக உள்ளே நிறுத்தும் விலா என்ற தாங்கு பட்டை, சுவரின் கனத்தில் பாதியளவு இருந்தால் போதும். அதைத் தடிமனாக்கினால் பிளாஸ்டிக் ஆறும்போது வெளிப்பக்கம் குழி விழும். பிளாஸ்டிக்கை உருக்கி வார்க்கும் எஃகு அச்சிலிருந்து பொருள் உரசாமல் கழன்று வருவதற்காகப் பக்கச் சுவர்களை ஒரு டிகிரியாவது சாய்க்க வேண்டும். முப்பரிமாண அச்சில் ஒரே ஒரு மூடி எடுக்கும்போது இந்தச் சாய்வு இல்லாமலே சமாளிக்கலாம். ஆயிரக்கணக்கில் வார்க்கும்போது முடியாது.

இந்த எஃகு அச்சுகளைச் செய்யும் டூல் ரூம்காரர்கள் சொல்லும் ஒன்றை அவனுக்குச் சொன்னபோது முகமே மலர்ந்துவிட்டது. எஃகு அச்சைச் சுரண்டுவது சுலபம், சுரண்டிய இடத்தில் எஃகைத் திரும்பச் சேர்ப்பது பெரும் செலவு. அதனால் சந்தேகமான இடத்தில் பிளாஸ்டிக்கைச் சற்று மெல்லியதாகவே வரைந்து வைப்பார்கள். போதவில்லையென்றால் அச்சைச் சுரண்டி, பிளாஸ்டிக்கைத் தடிமனாக்கிக்கொள்ளலாம்.

பேட்டரி மூடிக்கு ஏன் திருகு போட்டிருக்கிறார்கள் என்றும் கேட்டான். குழந்தை காசு பேட்டரியை விழுங்கினால் உணவுக்குழாய் வெந்துவிடும், அதற்காகத்தான் என்றேன். அவனுடைய முதல் மூடியில் திருகு இல்லை. உடனே நோட்டில் குறித்துக்கொண்டான்.

டர்பனில் இதற்கு யார் வேலை தருவார்கள் என்று கேட்டீர்கள். உங்கள் வீட்டு ப்ரீபெய்டு கரண்ட் பெட்டியைப் பாருங்கள். பாட்டி கண்ணாடியைத் தேடி எடுத்து, காசு கட்டியதும் வரும் 20 எண்களை ஒவ்வொன்றாக அழுத்துகிறாரே, அந்தப் பட்டன்களின் அளவையும் இடைவெளியையும் யாரோ ஒருவர் திரையில் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார். அப்படிப்பட்ட மீட்டர்கள் செய்யும் கான்லாக் இருப்பது டர்பனில். டெஃபி அடுப்பும் நம் ஜேக்கப்ஸ் பக்கத்துச் சரக்குதான். ப்ரொஸ்பெக்டனில் டொயோட்டா இருக்கிறது. பைன்டவுன் பக்கம் பிளாஸ்டிக் வார்க்கும் பட்டறைகள் இருக்கின்றன. இந்த வரைவு தெரிந்தவனுக்குத் தட்ட வேண்டிய கதவுகள் இவை. படித்து முடித்த அன்றே வேலை என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அப்படி வாக்குக் கொடுப்பவரையும் நம்பாதீர்கள்.

படிப்பு என்று பார்த்தால், டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் இருக்கிறது. அவன் வீட்டிலிருந்தே போய் வரலாம். 2002இல் அதில் இணைந்த கல்லூரிகளில் ஒன்று எம்.எல்.சுல்தான் பெயரில் இருந்தது. ஒப்பந்தக் கூலியாக இந்தியாவிலிருந்து வந்தவர் அவர், நம் பிள்ளைகள் கைத்தொழில் படிக்கட்டும் என்று பணம் கொடுத்தவர். தோற்றத்திலும் கைப்பிடியிலும்தான் அவனுக்கு நாட்டம் என்றால் ஜோகன்னஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இண்டஸ்ட்ரியல் டிசைன் இருக்கிறது. உங்கள் அண்ணனுக்கு உதவ மனம் இருந்தால் மருமகனுக்குத் தன் வீட்டில் ஓர் அறை கொடுக்கட்டும். அது பெரிய உதவி.

குடும்ப வருமானம் வருடத்துக்கு 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்ற அரசு மாணவர் நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம். அது அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் அரசுத் தொழிற்கல்லூரிகளுக்கும் மட்டும். விளம்பரத்தைப் பார்த்துத் தனியார் கல்லூரி எதிலும் முன்பணம் கட்டிவிடாதீர்கள். வரையும் மென்பொருளுக்கும் காசு செலவழிக்க வேண்டாம். ஃப்ரீகேட் முழுக்க இலவசம், ஆட்டோடெஸ்க்கின் ஃப்யூஷன் மாணவர்களுக்கு இலவசம். புது லேப்டாப் கேட்டால் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். இந்த அளவு வேலைக்கு வீட்டில் இருக்கும் பழையதே ஓடும். ஆனால் கணக்கில் அவன் சற்றுப் பின்தங்கியிருக்கிறான். டியூஷனுக்குப் பணம் ஒதுக்குங்கள், அதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

மூன்று வருடம் படித்தபின் மனம் மாறினால் என்ன செய்வது என்று வீட்டுக்காரர் கேட்டார். மாறலாம். அப்போதும் உங்கள் வீடு உங்கள் பெயரில் இருக்கும். அளக்கவும் வரையவும் திருத்தவும் கற்ற கை அவனிடம் இருக்கும்.

இன்று சாயங்காலம் அண்ணனுக்கு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பேசுங்கள். அவனும் தன் வாயால் சொல்லட்டும். என் வெர்னியர் காலிப்பரை அவனிடம் கொடுத்திருக்கிறேன். விடுமுறை முடியும்போது திருகு வைத்த இரண்டாவது மூடியோடு கொண்டுவந்து தரச் சொல்லுங்கள்.