தூங்காத மெண்டலீவ்

கேள்வி: தனிம வரிசை அட்டவணையை மெண்டலீவ் கனவில் கண்டாராமே? பிளஸ் ஒன் படிக்கும் என் மகனின் புத்தகத்தில், ஒரு தொகுதியில், அதாவது ஒரு செங்குத்து வரிசையில், மேலிருந்து கீழே வரும்போது இது கூடும், அது குறையும் என்று பல விதிகள் இருக்கின்றன. ஆனால் அவன் வைத்திருக்கும் கைடில் ஒவ்வொரு விதிக்கும் கீழே விதிவிலக்குகள் என்று ஒரு பட்டியலும் இருக்கிறது. இத்தனை ஓட்டைகளோடு ஓர் அட்டவணையைக் கனவு காண்பதற்கு, அவர் நிம்மதியாகத் தூங்கியே இருக்கலாமே?
– வாசகர் ஒருவர், கோவில்பட்டி

பதில்: அவர் தூங்கவே இல்லை என்பதை முதலில் பதிவு செய்துகொள்கிறேன். வேதியியலாளர்களைத் தூங்கவைத்துப் பார்ப்பதில் உலகத்துக்கே ஓர் ஆசை இருக்கிறது. கணப்பின் முன்னால் கண்ணயர்ந்தபோது தன் வாலைத் தானே கவ்விய பாம்பைக் கண்டதாகக் கெக்குலே 1890இல் விழா மேடையிலேயே சொல்லிவிட்டார். ஆகவே பென்சீன் மூலக்கூறின் வளைய வடிவத்தை அவருடைய கனவின் கணக்கில் எழுதுவதற்கு நான் குறுக்கே நிற்கப் போவதில்லை. மெண்டலீவின் கனவோ, அவருடைய நண்பரும் நிலவியல் அறிஞருமான இனோஸ்திரான்ட்செவ் சொன்னதாக வழிவழியாக வந்துசேர்ந்த கதை. கைவசம் இருக்கும் சான்று வேறு. பாலாடைக்கட்டிப் பண்ணைகளைப் பார்வையிட வருமாறு அழைத்து அவருக்கு வந்த ஒரு கடிதத்தின் பின்பக்கத்தில், ரஷ்யப் பழைய நாட்காட்டியின்படி 1869 பிப்ரவரி 17 அன்று, அவர் அணு எடைகளைக் கிறுக்கிப் பார்த்திருக்கிறார். வேதியியலின் தலையாய அட்டவணை பாலாடைக்கட்டிக் கடிதத்தின் முதுகில் பிறந்தது என்று சொல்ல யாருக்கும் நா எழவில்லை போலும். கனவு என்றால் கேட்பதற்கு மங்கலமாக இருக்கிறது.

அப்படிக் கிறுக்கவேண்டிய அவசியம் அவருக்கு ஏன் வந்தது என்பது கனவை விடச் சுவையானது. பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழக மாணவர்களுக்காக அவர் ஒரு பாடநூல் எழுதிக்கொண்டிருந்தார். அன்றைக்குத் தெரிந்திருந்த தனிமங்கள் 63. நூலின் முதல் பாகத்தில் அவற்றில் சிலவற்றை மட்டுமே எழுதி முடித்திருந்த நிலையில், மீதியை எந்த வரிசையில் வைத்தால் மாணவனுக்கு விளங்கும் என்ற கேள்வி அவரை வழிமறித்தது. பாடநூல் எழுதுகிறவர் யோசிக்கத் தொடங்கினால் என்னவெல்லாம் நடக்கும் என்பதற்கு உலக வரலாற்றில் இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. கைடு எழுதுகிறவர்கள் யோசித்த சான்று கிடைத்தால் அதையும் மகிழ்ச்சியோடு வெளியிடுவேன்.

இந்தப் பக்கத்தில் மெண்டலீவ் பெயர் வரும்போதெல்லாம் ‘லோதர் மேயரை மறைத்தது ஏன்?’ என்று கண்டித்து எழுதும் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் நமக்கு உண்டு. அவர் இந்நேரம் பேனாவைத் திறந்திருப்பார். மறைக்கவில்லை ஐயா. ஜெர்மன் வேதியியலாளர் மேயர் 1864இலேயே 28 தனிமங்களை ஒழுங்காக அடுக்கிக் காட்டியதும், 1870இல் அவர் வெளியிட்ட அணுப் பருமன் வளைகோடு கார உலோகங்களில் உச்சிக்கு ஏறி இறங்குவதை மிகத் தெளிவாகக் காட்டியதும், 1882இல் லண்டன் ராயல் சொசைட்டி இருவருக்கும் சேர்த்தே டேவி பதக்கம் வழங்கியதும் உண்மை. ஆனால் இன்னும் கண்டுபிடிக்கப்படாத தனிமங்களுக்கான காலி இடங்களைப் பற்றிப் பந்தயம் கட்டுவதற்கு மேயர் தயங்கினார். மெண்டலீவோ, அங்கே வரப்போகிற தனிமத்தின் அணு எடை, அடர்த்தி, எளிதில் உருகுமா என்பது வரை எழுதிவைத்துவிட்டுக் காத்திருந்தார்.

அலுமினியத்துக்கு நேர் கீழே வரவேண்டியது என்பதால் அவர் ‘ஏக-அலுமினியம்’ என்று பெயரிட்டுக் காத்திருந்த தனிமத்தை 1875இல் பிரான்சில் லெகோக் த புவாபோத்ரான் கண்டுபிடித்து, அதற்குக் காலியம் என்று பெயர் வைத்து, அடர்த்தி 4.7 என்று அறிவித்தார். அந்த உலோகத்தைக் கண்ணாலும் பார்த்திராத மெண்டலீவ், அடர்த்தி 5.9 அளவில் இருக்கவேண்டும், உங்கள் மாதிரி தூய்மையாக இல்லை என்று தெரிவித்தார். கண்டுபிடித்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன். தூய்மைப்படுத்தி மறுபடி அளந்தபோது 5.9 வந்தது.

இப்போது உங்கள் மகனின் கைடைப் புரட்டுங்கள். விதிவிலக்குப் பட்டியலில் இதே காலியம்தான் இருக்கும். தொகுதியில் கீழே இறங்கினால் அணு ஆரம் கூடவேண்டும் என்பது விதி. அலுமினியத்தின் ஆரம் 143 பிக்கோமீட்டர், அதன் கீழிருக்கும் காலியத்தினுடையது 135. எந்த உலோகம் அட்டவணைக்குப் பெரும்புகழ் தேடித் தந்ததோ, அதே உலோகம் அட்டவணைக்கு அடங்காதது என்று பட்டம் வாங்கியிருக்கிறது. உண்மையில் இரண்டுக்கும் நடுவில் நான்காவது தொடரின் 10 இடைநிலை உலோகங்கள் வந்துவிடுகின்றன. அந்தப் பத்து இடங்களிலும் அணுக்கருவில் புரோட்டான்கள் ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போகின்றன. கூடவே உள்கூட்டில் சேரும் ‘டி’ வகை எலக்ட்ரான்களோ அணுக்கருவின் ஈர்ப்பை வெளிக்கூட்டுக்கு எட்டாமல் மறைப்பதில் மந்தமானவை. ஆகவே வெளி எலக்ட்ரான்கள் எதிர்பார்த்ததைவிட உள்ளே இழுக்கப்படுகின்றன. விதியை உண்டாக்கியதும் இந்த இழுப்பும் மறைப்பும்தான், விதிவிலக்கை உண்டாக்கியதும் அவைதான். ‘விதிவிலக்கு’ என்று எழுதிவிட்டு மேலே போகிறவர், காரணத்தைச் சொல்லும் வேலையிலிருந்து தமக்குத் தாமே விலக்கு அளித்துக்கொள்கிறார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இன்னும் அழகான ஒன்று உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. சிர்க்கோனியமும் அதன் நேர் கீழே உள்ள ஹாஃப்னியமும் ஒரே தொகுதி. இடையில் லாந்தனைடுகள் என்ற தனிம வரிசை முழுவதும் நுழைந்துவிடுவதால், முன்னே சொன்ன சுருக்கம் இன்னும் பெரிதாக நிகழ்ந்து (இதற்குப் பெயர் லாந்தனைடு குறுக்கம்), இரண்டின் ஆரமும் 160, 159 என்று கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டன. பருமனும் ஒன்று, வெளி எலக்ட்ரான் அமைப்பும் ஒன்று என்றால் வேதிவினைகளில் ஆளடையாளம் எப்படித் தெரியும்? 1789இல் கிளாப்ரோத் சிர்க்கோனியத்தை இனங்கண்ட நாளிலிருந்து 130 ஆண்டுகளுக்கும் மேலாக வேதியியலாளர்கள் அதனுடன் ஹாஃப்னியத்தையும் சேர்த்தே கரைத்து, சேர்த்தே வடிகட்டி, சேர்த்தே எடைபோட்டுக்கொண்டிருந்தார்கள். 1923இல் கோபன்ஹேகனில் கோஸ்டரும் ஹெவெசியும் எக்ஸ் கதிர் நிறமாலையைப் பார்த்துத்தான் உள்ளே ஒளிந்திருந்ததை வெளியே கொண்டுவந்தார்கள். ஆனால் நியூட்ரானிடம் இந்த ஒற்றுமை செல்லாது: ஹாஃப்னியம் வெப்ப நியூட்ரான்களை விழுங்கும் திறன் சிர்க்கோனியத்தைப் போல 500 மடங்குக்கும் மேல். அணு உலையின் எரிபொருள் குழாய்களுக்குச் சிர்க்கோனியம் வேண்டும், அதில் ஹாஃப்னியம் அறவே கூடாது. தூத்துக்குடி பழையகாயலில் இருக்கும் சிர்க்கோனியம் வளாகம் இவை இரண்டையும் பிரித்தெடுக்க மெனக்கெடுவது, கைடில் அரை வரியில் முடிந்துவிடும் லாந்தனைடு குறுக்கத்தால்தான். ஒரு நாள் மகனை அந்தச் சாலை வழியாக அழைத்துப் போங்கள். உள்ளே விடமாட்டார்கள், வெளியே நின்று காரணத்தைச் சொல்லலாம்.

மெண்டலீவுக்கும் ஒரு சறுக்கல் உண்டு. மேயர் அன்பரின் மனநிறைவுக்காக அதையும் சொல்லிவிடுகிறேன். அயோடின் குளோரினுக்கும் புரோமினுக்கும் கீழேதான் உட்காரவேண்டும் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. ஆனால் எடை ஏறும் வரிசையில் அடுக்கிய அட்டவணையில், அதற்கு முன்னால் வரவேண்டிய டெல்லூரியம் அயோடினைவிட எடை கூடியதாக இருந்தது. குணத்தை நம்பி இடத்தைக் கொடுத்துவிட்டு, டெல்லூரியத்தின் எடையை அளந்தவர்கள்தான் தவறிவிட்டார்கள், 123க்கும் 126க்கும் இடையில் இருக்கவேண்டும் என்று அடித்துச் சொன்னார். அளந்தவர்கள் தவறவில்லை, இன்றைய கணக்கிலும் டெல்லூரியம் 127.6, அயோடின் 126.9. எடையை அளவுகோலாகக் கொண்டதுதான் பிசகு என்பதை 1913இல் ஆங்கிலேய இயற்பியலாளர் மோஸ்லி எக்ஸ் கதிர்களைக் கொண்டு காட்டினார்: வரிசையைத் தீர்மானிப்பது அணுக்கருவின் மின்சுமை, அதாவது அணு எண், டெல்லூரியம் 52, அயோடின் 53. இரண்டே ஆண்டுகளில், 27 வயதில், முதல் உலகப் போரின் கலிப்போலிப் போர்முனையில் அவர் குண்டடிபட்டு இறந்தார். அவர் கனவு கண்டதாக எந்தக் கதையும் இல்லை, ஆகவே அவரைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதும் இல்லை.

விதிவிலக்கே இல்லாத விதிகளைத்தான் நீங்கள் விரும்புகிறீர்கள் என்றால், அப்படியும் ஒரு தொகுதி வெகுகாலம் இருந்தது. மந்த வாயுக்களான ஹீலியம் முதல் ரேடான் வரை எதுவும் எதனுடனும் சேராது என்று அரை நூற்றாண்டுக்கும் மேலாக வகுப்பறைகளில் ஒரே குரலில் சொன்னார்கள். கீழே இறங்க இறங்க எலக்ட்ரானைப் பறிப்பது எளிதாகும் என்ற போக்கு அந்தத் தொகுதிக்கும் பொருந்தும் என்பது அட்டவணையிலேயே தெரிந்தது. 1933இல் அமெரிக்க வேதியியலாளர் பாலிங் அதை நம்பிச் செனான் ஃபுளோரைடுகள் சாத்தியம் என்றார், சோதித்தவர்களுக்கு அன்று அது கைகூடவில்லை. 1962இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நீல் பார்ட்லெட், பிளாட்டினம் ஹெக்சாஃபுளோரைடு ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்தே எலக்ட்ரானைப் பறித்துவிடுவதைக் கண்டார். ஆக்சிஜன் மூலக்கூறின் அயனியாக்கும் ஆற்றலையும் (எலக்ட்ரானைப் பறிக்கத் தேவையான ஆற்றல்) செனானின் அயனியாக்கும் ஆற்றலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய சமம். அவர் செனானையும் பிளாட்டினம் ஹெக்சாஃபுளோரைடின் ஆவியையும் ஒன்றுகலக்க விட்டார். மஞ்சளும் ஆரஞ்சுமாக ஒரு திண்மம் உடனே படிந்தது. கைடின் பட்டியலில் அந்த நாள்வரை ஒரு விதிவிலக்குகூட இல்லாதிருந்த தொகுதி அதுதான்.