நைல் நதிக் கப்பலில் போனால் எகிப்தின் வரலாறு உண்மையிலேயே புரியுமா?

கேள்வி: வழிகாட்டியுடன் போகும் நதிக் கப்பல் சுற்றுலா, இன்னொரு நாட்டின் வரலாற்றையும் பண்பாட்டையும் தெரிந்துகொள்ள நல்ல வழியா? எகிப்தில் லக்சர் – அஸ்வான் கப்பலுக்குக் கேட்கும் பணம் தகுமா?

கப்பலின் படங்களைப் பார்த்துப் பணம் கட்டினால் தகாது. கரையில் எத்தனை மணி நேரம் விடுகிறார்கள் என்று பார்த்துக் கட்டினால் தகும். நீச்சல் குளம், பஃபே, அறையின் அளவு எல்லாம் எல்லாக் கப்பலிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபடுவது வழிகாட்டியும் நேரமும். விளம்பரத்தில் அந்த இரண்டைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

நீங்கள் சொல்லாவிட்டாலும், அறுபது தாண்டிய அப்பா அம்மாவும் கூட வருகிறார்கள், கையில் ஒரு வாரம்தான் விடுப்பு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். "பஸ்ஸில் போனால் பாதிச் செலவு, கப்பல் எதற்கு" என்று கீழே யாராவது எழுதத்தான் போகிறார்கள். செலவுக் கணக்கில் அது சரி. ஆனால் அந்த நாடு ஏன் அப்படி இருக்கிறது என்பது ஆற்றின் நடுவிலிருந்து பார்த்தால்தான் கண்ணுக்குத் தெரியும். இரண்டு கரையிலும் கரும்பு, பேரீச்சை, கோதுமை என்று ஒரு பச்சைப் பட்டை. சில இடங்களில் அது நூறு, இருநூறு மீட்டர்கூட இருக்காது. அதற்குப் பின்னால் உடனே பாலை. லக்சரில் ஊரும் கர்னக் போன்ற பெரிய கோயில்களும் கிழக்கே, கல்லறைகளும் இறந்த அரசர்களுக்கான கோயில்களும் சூரியன் மறையும் மேற்கே. ஆறு தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதால் லக்சரிலிருந்து அஸ்வான் போகும் கப்பல் எதிர்நீச்சல் போடுகிறது. வரைபடத்தில் கீழே இருக்கும் பகுதிக்கு மேல் எகிப்து என்று பெயர் வந்ததும் இதனால்தான்.

வழக்கமான ஏற்பாடு இது. லக்சரில் ஏறினால் 4 இரவு, அஸ்வானில் ஏறினால் 3 இரவு. முடிந்தால் 4 இரவை எடுங்கள். 3 இரவில் வெட்டுப்படுவது பெரும்பாலும் லக்சர்தான். கர்னக் கோயில், லக்சர் கோயில், கல்லறைகள் இருக்கும் ஆற்றின் மேற்குக் கரை மூன்றையும் ஒரே நாளில் திணித்துவிடுவார்கள். கர்னக்கின் பெரிய மண்டபத்தில் மட்டும் 134 தூண்கள். அதை 40 நிமிடத்தில் பார்த்துவிட்டு வருவதற்கு இவ்வளவு தூரம் விமானம் ஏற வேண்டியதில்லை.

மேற்குக் கரை நாளில்தான் ஏமாற்றம் அதிகம். காரணம் எளிது: அரசர்களின் கல்லறைகள் இருக்கும் மன்னர் பள்ளத்தாக்குக்கும், பெண் ஃபாரோ ஹட்செப்சுட்டின் கோயிலுக்கும் நடுவே ஒரு "அலபாஸ்டர் தொழிற்கூடம்" (பளிங்கு போன்ற கல்லில் செய்த பொருட்களை விற்கும் கடை) நுழைந்துவிடும். வேறொரு நாள் பாப்பிரஸ் (நாணல் தாள்) கடை, இன்னொரு நாள் அத்தர் கடை. ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரத்தைத் தின்றுவிடும், விற்பனையில் வழிகாட்டிக்குக் கமிஷனும் உண்டு. முன்பதிவு செய்யும்போதே "கடை நிறுத்தம் வேண்டாம், அந்த நேரத்தை மெடினெட் ஹாபுவுக்குக் கொடுங்கள்" என்று எழுதிக் கேளுங்கள். ஃபாரோ மூன்றாம் ராம்செஸின் அந்தக் கோயிலில் கூரை ஓரங்களில் இன்னும் நிறம் நிற்கிறது. கூட்டமும் குறைவு. பக்கத்திலேயே டெய்ர் எல் மெடினா, கல்லறைகளைக் குடைந்து வண்ணம் தீட்டிய தொழிலாளர்களின் ஊர். அதே மூன்றாம் ராம்செஸின் 29ஆம் ஆட்சி ஆண்டில் கூலித் தானியம் வராததால் அவர்கள் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார்கள். வரலாற்றில் எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் அதுதான் என்கிறார்கள். அந்தப் பதிவு இருக்கும் பாப்பிரஸ் இப்போது இத்தாலியின் டூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அரசர்களைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு வருவது பாதி வரலாறு.

மன்னர் பள்ளத்தாக்கில் பொதுச் சீட்டுக்கு மூன்று கல்லறைகள். துட்டன்காமுன், முதலாம் சேதி, ஐந்தாம் – ஆறாம் ராம்செஸ் ஆகிய கல்லறைகளுக்குத் தனிச் சீட்டு. துட்டன்காமுன் கல்லறையை ஹோவர்ட் கார்ட்டர் 1922 நவம்பரில் கண்டுபிடித்ததால் எல்லோரும் அங்கேதான் ஓடுகிறார்கள். ஆனால் அது சிறியது, பொருட்களில் பெரும்பாலானவை எப்போதோ வெளியே போய்விட்டன. ஒரே ஒரு தனிச் சீட்டுத்தான் வாங்க முடியும் என்றால் சேதிக்கு வாங்குங்கள். மூட்டுவலி உள்ளவர்களுக்கு நான்காம் ராம்செஸ் கல்லறை நல்லது. படி குறைவு, சரிவும் மெதுவானது. மூன்றாம் துட்மோஸ் கல்லறைக்கு மலைப்பிளவில் செங்குத்தாக இரும்புப் படி ஏற வேண்டும், பெரியவர்களை அங்கே அழைத்துப் போக வேண்டாம். கல்லறைக்குள் வழிகாட்டி விளக்கம் சொல்ல அனுமதி கிடையாது, வெளியே நின்றே சொல்லி அனுப்புவார். அதனால் உள்ளே போகும் முன் எந்தச் சுவரில் எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போங்கள். பல இடங்களில் சீட்டுக்கு ரொக்கம் வாங்குவதில்லை. வெளிநாட்டில் செல்லும் இரண்டு கார்டாவது கையில் இருக்கட்டும்.

அடுத்து எஸ்னா. இங்கே ஆற்றின் குறுக்கே கதவணை இருக்கிறது. பழையது 1908இல் முடிந்தது, புதியது 1990களில் வந்தது. கப்பல்கள் லாக் என்ற நீர்த்தொட்டிக்குள் ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்து, தண்ணீர் நிரப்பி மேலே ஏற்றப்பட்ட பிறகுதான் அந்தப் பக்கம் போகும். வரிசை நீண்டால் பல மணி நேரம் காத்துக் கிடக்கும். பின்னால் எட்ஃபுவில் நேரம் குறைவதற்கு இதுதான் காரணம். காத்திருக்கும் நேரத்தில் கப்பலைக் கரையில் கட்டினால், இறங்கி எஸ்னாவின் க்னூம் கோயிலுக்குப் போக முடியுமா என்று கேளுங்கள். கரையிலிருந்து நடக்கும் தூரம்தான். தெருமட்டத்திலிருந்து சுமார் 9 மீட்டர் பள்ளத்தில் நிற்கிறது. 2018இலிருந்து எகிப்திய, ஜெர்மானிய வல்லுநர்கள் புகைக்கரியைத் துடைத்தெடுத்ததில் கூரையின் ராசி மண்டலமும் தூண்களின் நிறங்களும் அப்படியே வெளிவந்திருக்கின்றன. பெரும்பாலான கப்பல்களின் பட்டியலில் இது இல்லை என்பது எனக்குப் பெரிய மனக்குறை.

எட்ஃபுவில் துறையிலிருந்து கோயிலுக்குக் குதிரை வண்டி. பல குதிரைகளின் நிலை பார்க்கவே வேதனையாக இருக்கும். வேன் அல்லது டுக்டுக் வேண்டும் என்று முந்தின இரவே சொல்லிவிட்டால் ஏற்பாடு செய்வார்கள். கோயில் கி.மு. 237இல் தொடங்கி கி.மு. 57இல் முடிந்தது. கட்டியவர்கள் கிரேக்க வழி வந்த தாலமி அரசர்கள். ஆனால் சுவரில் அவர்கள் ஃபாரோ உடையில்தான் நிற்கிறார்கள். வெளியிலிருந்து வந்து ஆள்பவன் உள்ளூர்க் கடவுளைக் கும்பிட்டால்தான் ஆட்சி நிலைக்கும் என்ற அரசியல் அந்தச் சுவர் முழுக்க இருக்கிறது. வழிகாட்டி அதைச் சொல்லாமல் பருந்துத் தலைக் கடவுள் ஹோரஸின் கதையோடு நிறுத்தினால் நீங்களே கேட்டு வாங்குங்கள்.

எட்ஃபுவை விட்டுக் கிளம்பியதும், கெபெல் எல் சில்சிலாவை எத்தனை மணிக்குக் கடப்போம் என்று ரிசப்ஷனில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆறு அங்கே ஒடுங்கும். கர்னக், எட்ஃபு போன்ற கோயில்களுக்கு மணற்கல் வெட்டிய குவாரி அது. வெட்டிய கல்லைப் படகில் ஏற்றித்தான் கொண்டுபோனார்கள். பெரிய கப்பல் நிற்காது, மேல்தளத்தில் நின்று பார்க்கலாம். அங்கே இறங்கியே தீர வேண்டும் என்றால் பாய்மரம் கட்டிய தஹபியா படகில் போக வேண்டும். சில அறைகள்தான் இருக்கும், விலை கூடும், ஆனால் கூட்டம் கிடையாது. உண்மையில் வரலாறுதான் நோக்கம், பணம் தடையில்லை என்றால் நான் அதைத்தான் பரிந்துரைப்பேன்.

கோம் ஓம்போ கோயில் ஆற்றங்கரையிலேயே இருக்கிறது, நடந்தே போகலாம். மாலையில் எல்லாக் கப்பலும் ஒன்றாக வந்து சேரும். மக்கள் எல்லோரும் முதலில் கோயிலுக்குள் பாய்வார்கள். நீங்கள் முதலைப் பதனுடல்கள் (மம்மிகள்) வைத்திருக்கும் அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டு, கூட்டம் கலைந்ததும் கோயிலுக்கு வாருங்கள். அங்கே கிணறு போல ஒரு நைல்மானி உண்டு. வெள்ளம் எவ்வளவு ஏறியது என்று அளந்து, அதை வைத்து அந்த ஆண்டின் விளைச்சலையும் வரியையும் கணித்தார்கள். நம் ஏரிகளின் மதகையும் குமிழியையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும்.

அஸ்வானில் ஃபிலே கோயில். 1902இல் முடிந்த பழைய அஸ்வான் அணையால் ஆண்டில் பல மாதங்கள் மூழ்கிக் கிடந்தது. பிறகு அஸ்வான் மேல் அணை (High Dam) வந்தபோது கல் கல்லாகக் கழற்றி அகில்கியா தீவில் மறுபடி கட்டி, 1980இல் திறந்தார்கள். கி.பி. 394 ஆகஸ்ட் 24 தேதியிட்ட கல்வெட்டு அங்கே ரோமப் பேரரசர் ஹாட்ரியன் பெயரிலான வாயிலில் இருக்கிறது. தேதி தெரிந்த ஹைரோகிளிஃப் (எகிப்தியப் பட எழுத்து) கல்வெட்டுகளில் அதுவே கடைசி. மூவாயிரம் ஆண்டுக்கும் மேல் எழுதிய கை நின்ற இடம் அது. ஐந்து நிமிடம் ஒதுக்கச் சொல்லுங்கள்.

அபு சிம்பெல் பெரும்பாலும் விலையில் சேராது. அஸ்வானிலிருந்து சுமார் 280 கி.மீ., விடியற்காலை நாலு மணி வாக்கில் கிளம்ப வேண்டும், போக மூன்று மணி நேரத்துக்கு மேல், அங்கே இரண்டு மணி நேரம். இரண்டாம் ராம்செஸ் மலையில் குடைந்த இந்தக் கோயிலை, மேல் அணையின் நீரில் மூழ்காமலிருக்க 1964 முதல் 1968 வரை வெட்டியெடுத்து 65 மீட்டர் உயரத்துக்கு ஏற்றினார்கள். கோயில்களைக் காப்பாற்றிய கதையைப் பெருமையாகச் சொல்லும் வழிகாட்டிகள், அதே அணைக்காக, அஸ்வானுக்குத் தெற்கே ஆற்றோரம் வாழ்ந்த சுமார் 50,000 நூபியர்கள் ஊரைவிட்டுப் போனதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. "நூபிய கிராமம்" என்று படகில் அழைத்துப்போய்த் தொட்டியில் முதலைக்குட்டி காட்டுவதை வைத்து அவர்கள் பண்பாட்டை அளக்காதீர்கள். 1997இல் திறந்த அஸ்வான் நூபிய அருங்காட்சியகத்துக்கு இரண்டு மணி நேரம் கொடுங்கள். இதற்காகவே கப்பலை விட்டு இறங்கிய பின் அஸ்வானில் ஓர் இரவு கூடுதலாகத் தங்கலாம்.

இந்த இடத்தில் ஒரு ஆதங்கம். "பிரமிடைக் கட்டியது தமிழன்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பிக்கொண்டு போய் வழிகாட்டியிடம் வாதம் செய்யாதீர்கள். உண்மையான ஆதாரம் அதைவிட அழகானது. செங்கடல் கரையில் குசைர் அல் காதிமில் தமிழ் பிராமியில் "பானை ஒறி" (உறியில் வைக்கும் பானை) என்று எழுதிய பானை ஓடு கிடைத்தது, கல்வெட்டு ஆய்வாளர் ஐராவதம் மகாதேவன் படித்துச் சொன்னார். அதே கரையின் இன்னொரு பழைய துறைமுகமான பெரெனிகேயில் ஒரு ஜாடியில் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. சேர நாட்டுத் துறைமுகமான முசிறியிலிருந்து வந்த சரக்கு ஒட்டகத்தில் பாலையைக் கடந்து நைல் கரையில் உள்ள கோப்டோஸ் சேர்ந்து, அங்கிருந்து படகில் அலெக்சாந்திரியா போனது. முசிறிச் சரக்கு பற்றிப் பாப்பிரஸில் கிரேக்கத்தில் எழுதிய பழைய ஒப்பந்தம் அந்த வழியைத்தான் சொல்கிறது. கோப்டோஸ், இன்றைய கிஃப்ட், லக்சருக்கு வடக்கே 40 கி.மீ. சொச்சம். கப்பல் அந்தப் பக்கம் போகாது. டெண்டெரா கோயிலுக்குக் கார் எடுத்தால் அந்த ஊர் வழியாகப் போகச் சொல்லலாம். பொய்ப் பெருமை பேசும் கூட்டத்தால் இந்த ஓடுகளைப் பற்றிப் பேசவே தயங்க வேண்டியிருக்கிறது.

இனி அறை. கப்பல்களைத் துறையில் நாலைந்து பக்கத்தில் பக்கமாகக் கட்டுவார்கள். மற்றக் கப்பல்களின் வரவேற்பறை வழியாகத்தான் கரைக்கு வர வேண்டும், உங்கள் ஜன்னலுக்கு நேரே பக்கத்துக் கப்பலின் சுவர் நிற்கும், டீசல் புகையும் வரும். பால்கனிக்காகக் கூடுதல் பணம் கொடுக்கும் முன் இதை யோசியுங்கள். பின்பக்க அறைகளில் எஞ்சின் சத்தம், அடித்தளத்தில் ஜன்னல் தண்ணீர் மட்டத்தில். நடுத்தளத்தில், முன்பக்கமாகக் கேளுங்கள். பல கப்பல்களில் லிஃப்ட் இல்லை, துறையிலிருந்து சாலைக்குச் செங்குத்தான கல்படி வேறு. அப்பா அம்மாவுக்காக இதை அவசியம் விசாரியுங்கள்.

சாப்பாட்டில், சைவர்களுக்கு ஃபூல் (வேகவைத்த மொச்சை வகை), தாமியா (அதே பயறில் வடை), கொஷரி (சோறு, பருப்பு, பாஸ்தா கலவை) போதும். முலுகியா கீரையும் பருப்பு சூப்பும் கோழிச்சாற்றில் செய்வது உண்டு, கேட்டுவிட்டு எடுங்கள். சாப்பாட்டு மேசையில் வைக்கும் தண்ணீர் பாட்டிலுக்குக்கூடச் சில கப்பல்களில் தனிக் காசு. ஊழியர் டிப்ஸும் தனி. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கொண்டுபோங்கள். தேங்கிய ஓரத் தண்ணீரில் கால் நனைக்காதீர்கள், நத்தைவழிப் புழுத்தொற்று அங்கே உண்மையான அபாயம்.

மாதம் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை. கோடையில் அஸ்வான் 40 டிகிரியைத் தாண்டும். பணம் கட்டும் முன் நான்கு பதில்களை எழுத்தில் வாங்குங்கள்: உங்கள் குழுவில் எத்தனை பேர், வழிகாட்டிக்கு அரசு உரிமம் உண்டா, ஒவ்வொரு இடத்திலும் எத்தனை மணி நேரம், பராமரிப்புக்காக எஸ்னா லாக் மூடினால் பஸ்ஸா அல்லது பணம் திரும்புமா. மூன்றாவது கேள்விக்கு "சூழ்நிலையைப் பொறுத்து" என்று மட்டும் பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.