பத்திரிகையாளர் ஆக ஆசைப்படும் மகளும், இன்ஜினியரிங் சொல்லும் மாமாவும்

அன்புள்ள அம்மா,

மகள் பத்திரிகையாளர் ஆகவேண்டும் என்கிறாள். உங்கள் தம்பியோ, "பேப்பரை இப்போ யாரு படிக்கிறா? மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்த்துவிடு" என்கிறார். நகையை அடகு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வைக்காதீர்கள்.

தம்பி சொல்வதில் பாதி உண்மை. விளம்பரப் பணம் கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் போய்விட்டது. செய்தி நிறுவனங்களில் ஆள்குறைப்பு நடக்கிறது. தொடக்கச் சம்பளம் குறைவு. அதற்காகப் பிடிக்காத படிப்பில் நான்கு வருடம் அவளை உட்கார வைப்பது எப்படித் தீர்வாகும்? லட்சங்கள் கேட்கும் தனியார் மீடியா படிப்பும் வேண்டாம். கேமராவையும் எடிட்டிங்கையும் போனிலேயே பழகிக்கொள்ளலாம்.

வாட்ஸ்அப்பில் மாமா அனுப்புகிற ஃபார்வர்டுகளுக்கெல்லாம் "இது பழைய படம்" என்று பதில் போட்டுத் திட்டு வாங்குகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அம்மா, அதுவே ஒரு தொழில். செய்தி சரிபார்ப்பு என்று பெயர்.

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. பயந்துபோய்ப் பலர் ஊருக்குக் கிளம்பினார்கள். பீகார் அரசே ஒரு குழுவை இங்கே அனுப்பியது. அந்த வீடியோக்களில் ஒன்றில் இருந்தது உண்மையில் ராஜஸ்தானின் ஜோத்பூரில் நடந்த கொலை. இதைக் கண்டுபிடிப்பவர்கள் வீடியோவைத் தனித்தனிப் படங்களாகப் பிரித்து இணையத்தில் தேடுவார்கள். கடைப் பலகையின் எழுத்து, வண்டி எண், முதலில் பதிவேறிய தேதி எல்லாம் பார்ப்பார்கள். கடைசியில் அந்த ஊர்க் காவல் நிலையத்துக்கே போன் போடுவார்கள். செயற்கை நுண்ணறிவு போலிக் குரலும் முகமும் செய்யும் காலத்தில் இந்த வேலைக்குத் தேவை கூடத்தான் செய்யும்.

இதோடு ஒட்டியது தரவு இதழியல், அதாவது எண்களையும் ஆவணங்களையும் அலசிச் செய்தி எடுப்பது. வேட்பாளர்கள் கொடுக்கும் சொத்துப் பிரமாணப் பத்திரங்கள் தேர்தல் ஆணையத் தளத்திலேயே கிடைக்கின்றன. ஒரே வேட்பாளர் இரண்டு தேர்தல்களில் காட்டிய கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு செய்தி பிறக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போட்டால் பொதுவாக 30 நாளில் பதில் தரவேண்டும். உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் எத்தனை டாக்டர் பணியிடம் காலி என்று இன்றே அவள் கேட்கலாம்.

ஆகவே என் யோசனை, அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. புள்ளியியல். பிளஸ் டூவில் கணக்கு எடுத்திருக்கிறாள், சேரலாம். கட்டணம் வருடத்துக்குச் சில ஆயிரங்கள்தான். ஆறாவது முதல் அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். செய்தித்துறை ஒத்துவராமல் போனாலும் புள்ளியியல் கைவிடாது: வங்கித் தேர்வு, அரசுப் புள்ளியியல் பணி, தரவுப் பகுப்பாய்வு என்று வழிகள் இருக்கின்றன. தமிழில் தெளிவாக எழுதும் பழக்கத்தை மட்டும் விடவே கூடாது.

பெண் செய்தியாளர்களுக்கு இணையத்தில் வசவும் மிரட்டலும் வருகின்றன. அதை அவளிடம் மறைக்காதீர்கள். மறித்து நிற்கவும் வேண்டாம்.

எந்தப் பட்டம் முடித்தவரும் ஒரு வருட இதழியல் பட்டயப் படிப்பில் சேரலாம். அதற்குச் செலவு உண்டு, உதவித்தொகை கொடுக்கும் இடங்களும் உண்டு. மூன்று வருடம் கழித்து, கடன் வாங்கிப் படிப்பதா வேலைக்குப் போவதா என்று அவளே முடிவு செய்யட்டும். இப்போதைக்கு அரசு கல்லூரி விண்ணப்பத்தைக் கடைசித் தேதிக்குள் போட்டுவிடுங்கள்.