கொள்கை வகுக்கும் அரசு அதிகாரிகளும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஏன் சேர்ந்து இயங்க முடிவதில்லை?

அதிகாரிகள் ஆய்வை மதிப்பதில்லை என்ற வழக்கமான பதில், இலங்கையின் மலையகத்தில் நான் கண்ட அளவில், பாதிதான் சரி. ஆய்வு முடியும் இடத்துக்கும் அதிகாரியின் வேலை தொடங்கும் இடத்துக்கும் நடுவே உள்ள இடைவெளிக்கு எவரும் பொறுப்பில்லை.

பதுளை மாவட்டத்தின் கொஸ்லாந்தைப் பகுதியிலுள்ள மீரியபெத்தைத் தேயிலைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி மலை சரிந்து, தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. ஆனால் வெளியேறச் சொல்லப்பட்ட தொழிலாளிக்குச் சொந்தக் காணி கிடையாது; காணி அரசுடையது, நிர்வாகம் 1992 முதல் கம்பனிகளிடம், லயத்தை விட்டால் வேலையும் பிள்ளைகளின் பாடசாலையும் தூரமாகிவிடும்.

பதுளைப் பக்கத்து லயமொன்றில் வளர்ந்து, பின்னர் ஆய்வு உதவியாளராக வேலை செய்த எனக்கு இது ஏட்டுச் செய்தி அல்ல. மண்சரிவு அபாயம் பற்றிய எங்கள் அறிக்கையை அலுவலகம் ஒன்றில் கொடுத்தபோது, அங்கிருந்த அதிகாரி கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திறந்தார். "இந்தக் குடும்பங்களுக்குக் காணி எங்கே இருக்கிறது, யார் விடுவித்துத் தருவார்கள்?" என்று கேட்டார். 'உரிய மாற்றிடம் வழங்கப்பட வேண்டும்' என்ற ஒற்றை வரியைத் தவிர எங்களிடம் பதில் இருக்கவில்லை. அன்று அவர்மேல் கோபம் வந்தது; இன்று அக்கேள்வி நியாயமானது என்றே நினைக்கிறேன்.

மறுதரப்பான அரசின் தவறும் சிறிதன்று. 2021 இல் இரசாயன உர இறக்குமதி ஒரேயடியாகத் தடைசெய்யப்பட்டபோது, தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிறுவனமும் பேராதனையில் விவசாய பீடமும் இருந்தன. விவசாய விஞ்ஞானிகள் வெளிப்படையாகவே எச்சரித்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் தடை கைவிடப்பட்டது. ஆனால் கொழுந்து குறைந்த மலையில் நாளுக்குரிய நிறையைப் பறிக்க முடியாமல் அரைப்பேரோடு, அதாவது அரை நாள் சம்பளத்தோடு, வீடு திரும்பியவர்கள் முடிவெடுத்தவர்கள் அல்லவே.

அடுத்த ஆய்வில், வினாக்கொத்து எழுதுவதற்கு முன்பே காணி உத்தியோகத்தர், கிராம உத்தியோகத்தர், தோட்டத் தலைவர், லயத்துப் பெண்கள் ஆகியோருடன் அமர்ந்து பேசினோம். மண்ணையும் சரிவையும் அளந்ததோடு, அருகே எந்தத் தேயிலை மலை கைவிடப்பட்டுக் கிடக்கிறது, அதை விடுவிக்க யார் யார் கையொப்பமிட வேண்டும் என்பதையும் எழுதினோம். சுருக்கத்தைச் சிங்களத்திலும் தமிழிலும் தந்தோம். அந்த அறிக்கையைப் பற்றித்தான் முதன்முறையாக ஓர் அதிகாரி எங்களைத் தாமாகவே தொலைபேசியில் அழைத்து விளக்கம் கேட்டார்.